திரை உறைந்தால் வயரைப் பிடுங்காதீர்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் ஏ.எல். ஐ.சி.டி. படிக்கும் பிள்ளை இருப்பவர்களும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்களும், முக்கியமாக கணினிக் கூடத்தின் சாவியைத் தம் பொக்கெட்டில் வைத்திருப்பவர்களும் பொறுமையாக வாசியுங்கள். சாவி வைத்திருப்பவர்களில் நானும் ஒருவன்தான். அதனால் யாரையும் குத்திக்காட்டும் நோக்கம் இல்லை. முதல் குற்றம் என்னுடையது, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

போன தவணையில் ஒரு நாள். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி. காலை ஐந்தரைக்கு லயத்தை விட்டு இறங்கினால்தான் அவளுக்கு பஸ். வாய்ப்பாட்டை அச்சிடும் சின்ன பைதன் நிரலொன்று எழுதச் சொல்லியிருந்தேன். நிரலில் எங்கோ ஒரு பிழை, முடிவில்லாத சுழற்சியில் விழுந்துவிட்டது. கறுப்புத் திரையில் எண்கள் அருவி மாதிரி ஓடுகின்றன. பதறிப்போய், இருப்பதையாவது சேமித்துக்கொள்வோம் என்று கொன்ட்ரோல் விசையையும் எஸ் விசையையும் சேர்த்து அழுத்தியிருக்கிறாள். வேர்ட் பழக்கம். திரை அப்படியே நின்றுவிட்டது. என்டர் அழுத்தினாள், ஒன்றுமில்லை. மவுஸால் அங்கும் இங்கும் கிளிக் செய்தாள், ஒன்றுமில்லை. நான் மற்ற மூலையில் இன்னொரு பிள்ளையின் பிழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சத்தமில்லாமல் மேசைக்குக் கீழே குனிந்து வயரைப் பிடுங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்தக் கணினி ஒழுங்காக எழும்பவில்லை. ஏற்கனவே வயதான ஹார்ட் டிஸ்க், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அது தாங்காது. "யார் உன்னை வயரைப் பிடுங்கச் சொன்னது?" என்று முழு வகுப்புக்கும் கேட்கக் கத்திவிட்டேன்.

அடுத்த இரண்டு வாரம் அவள் கணினியைத் தொடவில்லை. வகுப்புக்கு வருவாள். செய்முறை நேரத்தில் பின்னால் உட்கார்ந்து, "அவ செய்யட்டும் சேர், நான் பாத்து எழுதிக்கிறேன்" என்பாள். ஒரு நாள் கூப்பிட்டு விசாரித்தேன். அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சேர், ஒடஞ்சா யாரு கட்டுறது? எங்க அம்மா பேர் போடுற நாளையும் பேர் போடாத நாளையும் எண்ணித்தான் மாசத்த ஓட்டுறாங்க."

இப்போது கேளுங்கள். அவள் எதையுமே உடைக்கவில்லை. கணினி உறையவும் இல்லை. அவள் "நில்" என்று சொன்னாள், அது நின்றது. அவ்வளவுதான். கொன்ட்ரோலோடு கியூ விசையை ஒரே ஒரு தடவை அழுத்தியிருந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கியிருக்கும். இது எனக்குத் தெரியும். பல வருடமாகத் தெரியும். ஒரு நாளும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏனென்றால் பாடத்திட்டத்தில் அதற்கென்று ஒரு பாடவேளை இல்லை.

ஏன் எஸ் என்றால் நில், கியூ என்றால் ஓடு? இதைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். 1963இல் டெலிடைப் மொடல் 33 என்று ஒரு இயந்திரம் வந்தது. தட்டச்சுப்பொறி மாதிரி இருக்கும், திரை கிடையாது, எல்லாம் கடதாசியில்தான் அச்சாகும். தரவுகள் துளையிட்ட கடதாசி நாடாவிலிருந்தும் ஓடும். மறுபக்கத்தில் இருப்பவருக்கு வேகம் தாங்காவிட்டால், கொஞ்சம் நிறுத்து என்று ஒரு சமிக்ஞை அனுப்ப வேண்டும், பிறகு சரி, அனுப்பு என்று இன்னொன்று. அந்த இரண்டையும்தான் எஸ் விசையிலும் கியூ விசையிலும் வைத்தார்கள். அந்த இயந்திரத்தின் விசைகளிலேயே எக்ஸ்-ஓஃப், எக்ஸ்-ஒன் என்று பொறித்திருக்கும். இன்று நாம் லினக்ஸில் திறக்கும் டெர்மினல் ஜன்னல் அந்தப் பழைய இயந்திரத்தின் வேஷம் போட்ட பேரப்பிள்ளை. பாட்டனின் பழக்கம் இன்னும் விடவில்லை.

தெமோதரைப் பிள்ளைகளுக்கு நான் இதை வேறு மாதிரிச் சொல்வேன். நம்முடைய பதுளை ரயில் பாதை ஒற்றைத் தண்டவாளம். 1924இல் ரயில் பதுளைக்கு வந்து சேர்ந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் வளையத்தோடு ஒரு பையைச் சாரதியிடம் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பது டெப்லட். (ஆமாம், அதற்கும் டெப்லட் என்றுதான் பெயர். அதில் பப்ஜி விளையாட முடியாது.) அது கைக்கு வராமல் ரயில் அடுத்த ஸ்டேஷனை நோக்கி நகராது. ரயில் ஸ்டேஷனில் நிற்கிறதென்றால் என்ஜின் பழுது என்று யாராவது இறங்கி ஓடுகிறோமா? வடையை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு காத்திருக்கிறோம். கொன்ட்ரோல் எஸ் என்பது அந்தக் காத்திருப்பு. கொன்ட்ரோல் கியூ என்பது கையில் கிடைத்த டெப்லட்.

ஒரு எச்சரிக்கை மட்டும். திரை நிற்கும்போதும் நீங்கள் தட்டச்சு செய்பவை உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கோபத்தில் கண்டதையும் தட்டிவிட்டு பிறகு கொன்ட்ரோல் கியூ அழுத்தினால், தட்டியதெல்லாம் வரிசையாக வந்து கட்டளைகளாக ஓடும். திரை நின்றால் விரலும் நிற்க வேண்டும்.

பிள்ளைகளின் குழப்பத்துக்கு இன்னொரு பெரிய காரணம் இருக்கிறது, அது அவர்களுடைய பிழை அல்ல. வெட்டு, பிரதி எடு, ஒட்டு என்ற முறையை ஜெரொக்ஸ் பார்க் ஆய்வுகூடத்தில் உருவாக்கியவர்களில் லாரி டெஸ்லர் முக்கியமானவர், 2020இல் காலமானார். அந்த வேலைகளுக்கு அப்பிள் நிறுவனம் தன் கணினிகளில் கொமாண்ட் என்று தனி விசை வைத்தது. விண்டோஸோ அதே எழுத்துகளை எடுத்து கொன்ட்ரோல் விசையோடு சேர்த்துவிட்டது. டெர்மினலில் கொன்ட்ரோல் சி-க்கு அதற்கு முன்பே வேறு வேலை இருந்தது. ஒரே விசைக்கு இரண்டு எஜமானர்கள்.

விளைவு என்ன? பிழைச் செய்தியைப் பிரதி எடுத்து எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்ப நினைக்கும் பிள்ளை கொன்ட்ரோல் சி அழுத்துகிறது, ஓடிக்கொண்டிருந்த நிரல் செத்துப்போகிறது. டெர்மினலில் கொன்ட்ரோல் சி என்றால் "போதும், விட்டுவிடு". லினக்ஸ் டெர்மினலில் பிரதி எடுக்க ஷிப்டையும் சேர்த்து அழுத்த வேண்டும், ஒட்டுவதற்கும் அப்படியே. விண்டோஸ் 10இன் கட்டளைச் சாளரம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் காட்டும். எழுத்துகளைத் தெரிவுசெய்திருந்தால் பிரதி எடுக்கும், தெரிவுசெய்யாவிட்டால் நிரலை நிறுத்தும். அதனால் பிள்ளை "சில நேரம் வேலை செய்யுது, சில நேரம் இல்ல சேர்" என்று சொல்லும்போது பொய் சொல்கிறது என்று நினைக்காதீர்கள்.

கொன்ட்ரோல் இஸட் இதைவிட மோசம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது "செய்ததை மீளப்பெறு". டெர்மினலில் அழுத்தினால் நிரல் மறைந்து, நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி வரும். சரி, மூடிவிட்டது என்று நினைத்து மறுபடி ஓட்டுவார்கள். மறுபடி இஸட். ஒரு தடவை ஒரு பையனின் கணினியில் ஒரே நிரல் பதினொரு தடவை தூங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு, பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடக் காத்திருக்கும் ஆட்கள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. ஜொப்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து என்டர் கொடுத்தால் அந்தப் பட்டியல் வரும். எஃப், ஜி என்ற இரண்டு எழுத்தை அடித்தால் கடைசியாகத் தூங்கியது எழுந்து முன்னால் வரும். பிறகு கொன்ட்ரோல் சி கொடுத்து முடித்துவிடலாம்.

இந்த இடத்தில் சக ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. பணிசெயல் முறைமை அலகில் செயன்முறையின் நிலைகள் என்று ஒரு வரைபடம் கீறுகிறோமே, ஓடுகிறது, தயார், தடைப்பட்டது என்று அம்புக்குறிகளோடு. பிள்ளைகள் அதை அழகாக மனப்பாடம் செய்து ஒப்புவிக்கின்றன. செயன்முறை என்ற ஒன்றைக் கண்ணால் கண்டிருக்கிறதா என்று கேட்டால் இல்லை. கொன்ட்ரோல் இஸட் காட்டும் நிலை அந்த வரைபடத்தில் அப்படியே பொருந்தாது, அது எனக்கும் தெரியும். ஆனால் ஓடும் ஒன்றைத் தன் விரலால் நிறுத்தி, தன் விரலால் எழுப்பிப் பார்த்த பிள்ளைக்கு அந்த வரைபடத்தை நான் இரண்டாம் தடவை விளக்க வேண்டியிருக்கவில்லை.

கொன்ட்ரோல் சி-க்கும் அடங்காத நிரல்கள் உண்டு. பைதனில் எந்தப் பிழை வந்தாலும் பிடித்துக்கொள் என்று பெயர் சொல்லாமல் எக்செப்ட் எழுதினால், நாம் அனுப்பும் "போதும்" என்ற சமிக்ஞையையும் அது ஒரு பிழையாகப் பிடித்து விழுங்கிவிட்டு மறுபடி சுழலும். பிள்ளை சி-யை நூறு தடவை அழுத்தும், அழுகை வரும். அப்போது கொன்ட்ரோலோடு பின்சாய்கோட்டு விசையை அழுத்துங்கள். சி பணிவாகக் கேட்கும், இது அதட்டும். கொன்ட்ரோல் டி என்பது "நான் சொல்லி முடித்துவிட்டேன்" என்பது. பைதன் கேள்விக்குறிக்குப் பதில் சொல்வதை முடிக்க அது சரி, ஆனால் வெறும் கட்டளை வரியில் அழுத்தினால் ஜன்னலே மூடிக்கொள்ளும். விண்டோஸில் பைதனை விட்டு வெளியேற டி-க்குப் பதில் இஸட் அழுத்தி என்டர் கொடுப்பது வழக்கம். போதாக்குறைக்கு இதுவும்.

இனி, நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உதவிக் குறிப்புகளில் இதை நீங்கள் இலகுவில் காணமாட்டீர்கள்.

ஒரு மாணவன் தன் நிரலில் தமிழ்ச் சொற்களை அச்சிட ஆசைப்பட்டான். விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றி எழுதினான், ஓட்டினான், நிறுத்தக் கொன்ட்ரோல் சி அழுத்தினான். நிற்கவில்லை. விசை பழுது என்றான். விசை பழுதில்லை, மொழி தமிழில் இருந்தது.

காரணம் ஒரு சின்னக் கழித்தல் கணக்கு. பழைய ஆஸ்கி அட்டவணையில் பெரிய சி எழுத்தின் எண் 67. கொன்ட்ரோல் விசை செய்வதெல்லாம் அதிலிருந்து 64ஐக் கழிப்பதுதான். மிச்சம் 3. அந்த 3 வந்தால் டெர்மினல் "நிறுத்து" என்று புரிந்துகொள்ளும். எஸ் 83, கழித்தால் 19. கியூ 81, கழித்தால் 17. இஸட் 90, கழித்தால் 26. டி 68, கழித்தால் 4. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். இப்போது விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றிவிட்டால் அந்த விசையில் சி இல்லை, ஒரு தமிழ் எழுத்து இருக்கிறது. யூனிகோட்டில் 'க' என்ற எழுத்தின் எண் 2965. அதற்கு இந்தக் கழித்தல் கணக்கில் இடமே இல்லை. ஆகவே சமிக்ஞை பிறப்பதில்லை.

எல்லா டெர்மினலும் இப்படி அல்ல. சில, தமிழ் எழுத்து வந்தால் அதே விசையில் ஆங்கிலத்தில் என்ன இருக்கிறது என்று தாமாகவே பார்த்துக்கொள்ளும். சில பார்க்காது. நம் நாட்டில் எஸ்.எல்.எஸ். 1326 நியமத்தில் உள்ளது ரெங்கநாதன் விசையமைப்பு. தமிழ்நாட்டில் 1999இல் ஏற்றுக்கொண்டது தமிழ்99. எதைப் பாவித்தாலும் இதே கதைதான். பாமினியில் பழகிய பழையவர்களுக்கு இந்தத் தலையிடி வந்திருக்காது, ஏனென்றால் பாமினி வெறும் எழுத்துருதான். உள்ளே ஆங்கில எழுத்தே இருக்கும், வெளியே தமிழ்ச் சட்டை. ஆனால் அதற்காக யாரும் பாமினிக்குத் திரும்பிவிடாதீர்கள், பிள்ளையின் தமிழ் நிரலில் தமிழாகவே இருக்கட்டும். கொன்ட்ரோல் வேலை செய்யாவிட்டால் முதலில் திரையின் மூலையில் மொழி என்ன என்று பாருங்கள். ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி அழுத்துங்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். லினக்ஸ் டெர்மினலில் கடவுச்சொல் கேட்கும்போது தட்டச்சு செய்தால் பல நேரம் நட்சத்திரக் குறிகூட வராது. விசைப்பலகை செத்துவிட்டது என்று பிள்ளைகள் எழுந்துவிடும். வராதுதான், தட்டிவிட்டு என்டர் கொடுங்கள். அடுத்தது, படக் கோப்பொன்றைத் தவறுதலாக டெர்மினலில் திறந்தால் திரை முழுக்கக் கிறுக்கல் எழுத்தாக மாறி, பிறகு நாம் தட்டுவதும் கிறுக்கலாகவே வரலாம். பார்க்கப் பயமாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ரீசெட் என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து என்டர் கொடுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு மெனக்கெட்டு எழுதுகிறேன் என்று சிலர் கேட்பீர்கள். டவுனில் வீட்டில் மடிக்கணினி உள்ள பிள்ளைக்கு இது பிரச்சினையே இல்லை. ஒரு நாள் உறையும், மறு நாள் அண்ணன் வந்து சரிசெய்வான், மூன்றாம் நாள் தானே கண்டுபிடித்துவிடும். உடைத்துப் பழக அவர்களுக்கு ஒரு இயந்திரம் இருக்கிறது. லுணுகலை, நமுனுகுலை, ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிற பிள்ளைக்குக் கணினி என்பது வாரத்தில் ஓரிரு பாடவேளை, அதுவும் இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொண்டு. நம் டவுன் முஸ்லிம் குடும்பங்களிலும் கடையில் சம்பளத்துக்கு நிற்பவரின் பிள்ளைக்கு நிலைமை இதுதான். அந்த ஓரிரு பாடவேளைக்குள் ஒரு தடவை திரை நின்று, ஒரு சேர் கத்திவிட்டால், கதை முடிந்தது. பிறகு விசைப்பலகைக்கு முன்னால் உட்காருவது எப்போதும் இன்னொரு பிள்ளைதான்.

நாமும் அதற்கு ஏற்பத்தான் கூடத்தை வைத்திருக்கிறோம். கதவில் பூட்டு. உள்ளே போனால் "அனுமதியின்றித் தொடாதே". கணினிகளுக்கு மேல் பூப்போட்ட உறை. வருடாந்தக் கணக்கெடுப்பில் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும், அதுதான் கவலை. உண்மையில் பொறுப்பில் இருப்பவரின் பயமும் பொய்யல்ல. பொருட்புத்தகத்தில் அவர் கையெழுத்துத்தான் இருக்கிறது, ஒன்று குறைந்தால் கேள்வி அவரிடம்தான். அந்தப் பயம் அவரிடமிருந்து ஆசிரியருக்கு இறங்கி, ஆசிரியரிடமிருந்து கடைசியாக அந்தப் பசறைப் பிள்ளையின் விரலில் வந்து நிற்கிறது. நான் கேட்பது இதுதான்: பாவித்துப் பழுதான கணினிக்கு ஆசிரியரையோ பிள்ளையையோ பொறுப்பாக்குவதில்லை என்று அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுத்து, கூட்டக் குறிப்பில் எழுதி வைப்போம். பூப்போட்ட உறைக்குள் பத்து வருடம் இருந்து காலாவதியாகும் கணினியைவிட, பிள்ளைகள் உழைத்துத் தேய்த்த கணினி நமக்கு இலாபம்.

"போன் இருக்கும்போது இந்தக் கறுப்புத் திரை எதற்கு? பரீட்சையில் வருமா?" என்று ஒரு பெற்றோர் கேட்டார். நல்ல கேள்வி. இந்த விசைகள் கேள்வியாக வராமல் போகலாம். ஆனால் உயர்தரத்தில் பைதன் இருக்கிறது, பணிசெயல் முறைமை இருக்கிறது, பல்கலைக்கழகத்தின் கணினிப் பீடத்துக்குப் போகும் பிள்ளையை இந்தத் திரை அங்கே வரவேற்கும். போன் நம்மைப் பாவனையாளராக வைத்துக்கொள்ளும். நிறுத்து, எழும்பு, ஓடு என்று இயந்திரத்துக்குக் கட்டளையிடுகிற அனுபவம் போனில் கிடைப்பதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கட்டளை கேட்டே பழகிய லயத்துப் பிள்ளைகளுக்கு அந்த அனுபவத்தைக் கொடுக்காமல் விட எனக்கு மனமில்லை.

பழைய கணினிகளுக்கு லினக்ஸ் போடுவதைப் பற்றியும் சிலர் குறை சொன்னார்கள். விண்டோஸுக்கு அனுமதிப்பத்திரம் வாங்கக் காசில்லை, திருட்டுப் பிரதி போட எனக்கு விருப்பமில்லை. இதில் வேறு விவாதம் வேண்டாம்.

அந்த மாணவியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வகுப்பின் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அது பெரிய சங்கடமாகப் போய்விட்டது, தலையைக் குனிந்துகொண்டு "பரவால்ல சேர்" என்றாள். பிறகு எல்லோரையும் வேண்டுமென்றே முடிவில்லாத சுழற்சி எழுதச் சொன்னேன். ஓடவிட்டு கொன்ட்ரோல் எஸ், கொன்ட்ரோல் கியூ, நிறுத்து, விடு, நிறுத்து, விடு. பத்து நிமிடம் கூடம் விளையாட்டு மைதானம் மாதிரி இருந்தது. அதற்கு அடுத்த வாரம் பக்கத்து மேசையில் ஒரு பையனின் திரை நின்றபோது, நான் எழும்புவதற்கு முன்னால் அவள் கை நீட்டி இரண்டு விசையை அழுத்திவிட்டு, ஒன்றும் பேசாமல் தன் வேலையைப் பார்த்தாள்.

இந்த விசைகளைத் தமிழில் எழுதி அரைத் தாளில் அச்சடித்து ஒவ்வொரு மேசையிலும் ஒட்டியிருக்கிறோம். "அனுமதியின்றித் தொடாதே" இருந்த இடத்தில் இப்போது "நின்றால் முதலில் கொன்ட்ரோல் கியூ, பிறகு கொன்ட்ரோல் சி, மொழி ஆங்கிலமா பார், வயரைத் தொடாதே" என்று இருக்கிறது. வேறு பாடசாலைகளுக்குத் தேவையென்றால் இன்பொக்ஸில் கேளுங்கள், கோப்பை அனுப்புகிறேன்.

கடைசியாக ஒரு உதவி. எங்கள் கூடத்தில் இரண்டு விசைப்பலகைகளில் இடது பக்கக் கொன்ட்ரோல் விசை அழுத்தினால் இறங்குவதில்லை. வீட்டிலோ கடையிலோ பாவிக்காத யூ.எஸ்.பி. விசைப்பலகை கிடந்தால் சொல்லுங்கள். பதுளை, ஹாலி-எல, பசறை என்றால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். ஆங்கில எழுத்து அழிந்திருந்தாலும் பரவாயில்லை, கொன்ட்ரோல் மட்டும் வேலை செய்தால் போதும்.